இப்போ எந்தப் படியில நிற்கிறீங்க?

ஓம் சரவணபவ.



கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி இருக்கு. "அண்ணா, 48 நாள் வேல்மாறல் படிச்சேன். ஒரு நாள் கூட விடல. இன்டர்வியூல செலக்ட் ஆகல." "அண்ணா, ஆறு செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். வரன் இன்னும் அமையல." "என் கூடப் படிச்சவன் வெளிநாடு போயிட்டான். நான் மட்டும் அப்படியே இருக்கேன். முருகன் என்னைப் பார்க்கவே இல்லையா?"

இதுல யாரோட பக்தியும் பொய் கிடையாது. காலையில எழுந்து குளிச்சு, விளக்கேத்தி, 48 நாள் உட்கார்றது சாதாரண விஷயமா? ஆனா இந்த மெசேஜ் எல்லாத்துலயும் எனக்கு ஒண்ணு தெரியுது. எழுதுறவங்க யாருமே இன்னைக்கு இருக்கிற நாள்ல இல்ல. ஒருத்தர் ஆறு மாசம் கழிச்சு வரப்போற ரிசல்ட்ல இருக்கார். இன்னொருத்தர் போன வருஷம் கைவிட்டுப் போனதுல இருக்கார். இன்னொருத்தர் நண்பனோட போட்டோவுக்குள்ள இருக்கார். இன்னைக்கு மட்டும் காலியா கிடக்கு.

மன நிறைவுன்னு பெரியவங்க சொல்றது இந்தக் காலி இடத்தைப் பத்தித்தான். அதுக்கு நம்ம முருகன் கோயில் படிக்கட்டே ஒரு பாடம் வச்சிருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசலாம்னு இருக்கேன்.

காலத்தைப் படிக்கட்டா கட்டினாங்க

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. சுவாமிமலைக்கு 60 படி. பிரபவ முதல் அட்சய வரைக்கும் தமிழ் வருஷங்கள் அறுபது; அந்த அறுபது பேரும் படிகளுக்கு உண்டு.

ஒரு இடத்துல நாள் எல்லாம் படி. இன்னொரு இடத்துல வருஷம் எல்லாம் படி. ரெண்டு இடத்துலயும் மேலே நிற்கிறவன் ஒருத்தன்தான்.

சுவாமிமலைக்குப் போறவங்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்க 2001 ஆடி மாசம் பிறந்திருந்தா அது விஷு வருஷம். வரிசையில பதினைந்தாவது. 2025 சித்திரையில தொடங்கினது விசுவாவசு, முப்பத்தொன்பதாவது. அந்த ரெண்டுக்கும் நடுவுல 24 படி. பள்ளிக்கூடம், டியூஷன், பப்ளிக் எக்ஸாம், காலேஜ், முதல் சம்பளம், முதல் ஏமாற்றம் எல்லாம் அந்த 24 படிக்குள்ள அடங்கிடும். ஏறுறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.

"நான் லேட் ஆயிட்டேன்"னு எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்தப் படியில நின்னு கீழே ஒரு தடவை பாருங்க, மேலே ஒரு தடவை பாருங்க. கால் எத்தனை படியில இருக்கு? ஒரே ஒரு படியிலதான். வேற எந்தப் படியும் உங்களைத் தாங்கல. ஏறி வந்த படி தன் வேலையை முடிச்சிடுச்சு. ஏறப் போற படிக்கு உங்க பாரம் இன்னும் வந்து சேரல.

திருத்தணியில ஏன் சூரசம்ஹாரம் கிடையாது?

கந்த சஷ்டிக்கு எல்லா முருகன் கோயில்லயும் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில நடக்காது. அங்க அன்னைக்கு முருகனுக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாப் பூவைக் கொட்டுவாங்க.

காரணம் தலபுராணத்துலயே இருக்கு. சூரனோட நடந்த போர், வள்ளிக்காக வேடர்களோட நடந்த போர் எல்லாம் முடிந்து, முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை அது. தணிந்த இடம் தணிகை. அடங்கின இடத்துல போய் மறுபடி சண்டை எதுக்கு?

இதையும் படிக்கணக்கையும் சேர்த்துப் பாருங்க. 365 நாளும் ஏறி எங்க போய்ச் சேர்றோம்? எல்லாம் தணிஞ்ச ஒரு இடத்துக்கு. நாம பாதிப் பேர் ஒவ்வொரு படியிலயும் ஒரு போரைச் சுமந்துக்கிட்டு ஏறுறோம். அவனுக்கு கார் இருக்கு, எனக்கு பைக். அவளுக்கு லைக் ஆயிரம், எனக்கு இருபது. மேலே போய்ப் பார்த்தா அவன் எப்பவோ போரை முடிச்சிட்டுப் பூவுக்கு நடுவுல நிற்கிறான்.

டிசம்பர் 31ஆம் தேதி அங்க திருப்படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வச்சு, சூடம் ஏத்தி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. இதை ஆரம்பிச்சு வச்சவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இங்கிலீஷ் வருஷம் பிறந்தா நம்ம ஆளுங்க எலுமிச்சம்பழம், மாலையோட துரைமாரைப் பார்க்கப் போவாங்க. துரைக்கெல்லாம் துரையா ஒருத்தன் தணிகையில இருக்கான், அவனைப் பார்க்கப் போவோம்னு சுவாமிகள் ஜனங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனார்.

அந்தத் திருவிழாவோட அழகே வேகம் இல்லாததுதான். நாற்பதாவது படியில நின்னுக்கிட்டு இருநூறாவது படிக்கான சூடத்தை ஏத்த முடியாது. இந்தப் படிக்கு இந்தப் பாட்டு. முடிஞ்சதா? அடுத்தது.

ஒரு தடவை திருத்தணியில ஒரு பாட்டி மூணு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கிட்டு இருந்தாங்க. "இன்னும் எத்தனை படி இருக்கு பாட்டி?"ன்னு கேட்டேன். "எனக்கென்ன தெரியும், எண்ணினா முட்டி வலி ஜாஸ்தியாகுதுப்பா"ன்னு சிரிச்சாங்க. மடியில இருந்த கடலை மிட்டாய்ல ஒண்ணு எனக்கும் கொடுத்தாங்க.

வேல்மாறல் படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம்

வேல்மாறலை நமக்குத் தொகுத்துக் கொடுத்தவரும் இதே வள்ளிமலை சுவாமிகள்தான். அருணகிரிநாதர் பாடின வேல் வகுப்புல 16 அடி. அந்தப் பதினாறையும் முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி 64 அடியா அமைச்சார். அதனாலதான் பேரே மாறல்.

படிச்சவங்களுக்குத் தெரியும். அடி எல்லாம் பழகின அடிதான், ஆனா வரிசை மாறி வரும். மனசு வேற எங்கயாவது போச்சுன்னா வாய் தடம் மாறிடும். இந்த அடியைச் சொல்லும்போது இந்த அடியிலயே இருந்தாகணும். மனசைப் பிடிச்சு இப்போ இந்த நிமிஷத்துல உட்கார வைக்கிறதுக்கு இதைவிட நல்ல கயிறு கிடையாது.

இடையில திரும்பத் திரும்ப வர்ற அந்த ஒரு அடி என்ன சொல்லுது? தணிகையில இருக்கிறவன் என் உள்ளத்துலயும் குடியிருக்கான்னு சொல்லுது. மலை மேல ஒருத்தன், உள்ள ஒருத்தன்னு ரெண்டு பேர் கிடையாது. அப்படின்னா பாராயணம் பண்ற அந்த இருபது நிமிஷமும் நீங்க தணிகையிலதான் இருக்கீங்க. பலன் 48ஆம் நாள் கூரியர்ல வரும்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தா, வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கிறவனை யார் கவனிக்கிறது?

சுவாமிகள் வாழ்க்கையையும் கொஞ்சம் பாருங்க. மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். தாங்க முடியாத வயிற்று வலியோட பழநிக்கு வந்தவர். திருப்புகழ் அவருக்கு அறிமுகமானதே நடுவயசுல. 24 வயசுல "எல்லாம் முடிஞ்சு போச்சு"ன்னு எழுதுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

சும்மா இருக்கிறது எப்படி?

கந்தர் அனுபூதியில 51 பாட்டு. அதுல பன்னிரண்டாவது பாட்டுல அருணகிரிநாதர் தனக்குக் கிடைச்ச உபதேசம் என்னன்னு சொல்றார். முருகன் அவரைப் பேச்சை விட்டுட்டு சும்மா இருக்கச் சொன்னான். அவ்வளவுதான் உபதேசம். அதைக் கேட்ட நொடியில வேற எந்தப் பொருளும் தனக்குத் தெரியாமப் போச்சுன்னு வியந்து போறார்.

'சும்மா'ன்னு ஒரு சொல் நம்ம தமிழ்ல இருக்கிறதே ஒரு பாக்கியம். தினமும் எத்தனை தடவை சொல்றோம்! சும்மா கொடுத்தான்னா காசு வாங்காம கொடுத்தான். சும்மா சொன்னேன்னா விளையாட்டுக்குச் சொன்னேன். "என்ன இந்தப் பக்கம்?"னு கேட்டா "சும்மாதான், உன்னைப் பார்க்கலாம்னு வந்தேன்"னு சொல்றோம் இல்லையா? அந்தக் கடைசி சும்மாவை யோசிங்க. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வர்றவங்க உண்டு, கடன் கேட்க வர்றவங்க உண்டு. ஒரு காரணமும் இல்லாம சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போற நண்பன் வந்தா மனசு எப்படிக் குளிருது!

இப்போ கேட்கிறேன். முருகனைப் பார்க்க நீங்க கடைசியா சும்மா போனது எப்போ?

எக்ஸாமுக்கு முன்னாடி போனோம். ரிசல்ட்டுக்கு முன்னாடி போனோம். பிறந்தநாளுக்கு அர்ச்சனைக்குப் போனோம். எல்லாம் சரி. கையில ஒரு லிஸ்ட்டும் இல்லாம, "முருகா, சும்மாதான் வந்தேன்"னு சொல்லிட்டுப் பிரகாரத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்தது எப்போ?

சுவாமிமலைக் கதையே இதுதான். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனைக் குட்டிச் சிறையில வச்சான் குழந்தை. "அப்போ உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்ட அப்பாவுக்கே குருவானான். உலகத்தையே ஆட்டி வைக்கிற சிவபெருமான் அந்த இடத்துல என்ன பண்ணினார்? வாய் பொத்தி, பிள்ளைக்குக் காது கொடுத்து உட்கார்ந்தார். பெரியவருக்கே உபதேசம் கேட்க அமைதி தேவைப்பட்டுச்சு. நாம காதுல ஹெட்போனும் கையில போனும் வச்சுக்கிட்டு, முருகன் ஒண்ணும் சொல்லலைன்னு கோவிச்சுக்கிறோம்.

அவன் எந்த ஊர்ல இருக்கான்?

"லீவு கிடைக்கல, அறுபடை வீடும் போக முடியல, அதான் மனசு சரியில்ல"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. அவங்களுக்கு நக்கீரர் பதில் வச்சிருக்கார்.

பத்துப்பாட்டுல முதல் பாட்டு திருமுருகாற்றுப்படை. 317 அடி. படைவீடுகளை ஒவ்வொண்ணா வர்ணிச்சுட்டு வர்ற புலவர், கடைசிப் பகுதியில ஒரு பட்டியல் போடுறார். காட்டுல இருப்பான், சோலையில இருப்பான், ஆத்துக்கு நடுவுல இருக்கிற திட்டுல இருப்பான், குளத்தங்கரையில இருப்பான், தெருக்கள் கூடுற சந்தியில இருப்பான், பூத்த கடம்ப மரத்தடியில இருப்பான், ஊர் மன்றத்துல இருப்பான்னு சொல்லிக்கிட்டே போறார்.

சந்தின்னா என்ன? நம்ம ஜங்ஷன்தான். காலையில பஸ்ஸுக்கு நிற்கிற அதே இடம். சங்க காலத்துப் புலவர் பட்டியல்ல உங்க பஸ் ஸ்டாப்புக்கும் இடம் இருக்கு தங்கச்சி. திருச்செந்தூர் போகக் கிடைச்சா போங்க, கடல்ல குளிங்க, கும்பிடுங்க. கிடைக்காத அன்னைக்கு நிற்கிற இடத்துல இருந்து ஒரு 'முருகா' போதும். அவன் இருக்கிற இடத்தைத் தேடிப் போறோம்னு நினைக்கிறோம். நாம நிற்கிற இடத்துக்கு அவன் முன்னாடியே வந்துட்டான்.

ஆண்டியும் ராஜாவும்

பழநியில ஒரு விஷயம் பார்த்திருப்பீங்க. ஆண்டிக் கோலத்துல தரிசனம் பண்ணத் தயங்குறவங்க இருக்காங்க. ஆண்டியைப் பார்த்தா நாமளும் ஆண்டி ஆயிடுவோமோன்னு ஒரு பயம். அதனால ராஜ அலங்காரம் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க.

ரெண்டு கோலத்தையும் பார்த்த நான் சொல்றேன். கோவணமும் தண்டமுமா நிற்கும்போதும் அதே முகம். கிரீடமும் பட்டுமா நிற்கும்போதும் அதே முகம். கிரீடம் வந்ததால அவனுக்கு ஒண்ணும் கூடல, கழட்டினதால ஒண்ணும் குறையல. அலங்காரம் நேரத்துக்கு நேரம் மாறும். நம்ம சம்பளம், மார்க், ஃபாலோயர்ஸ் எல்லாம் அலங்காரம்தான். கூடும், குறையும். உள்ள நிற்கிற ஆள் அசையாம நின்னா போதும்.

ஒரு மாம்பழத்துக்காக அந்த மலைக்கு வந்தவன்னு கதை சொல்வாங்க. பழம் அண்ணனுக்குப் போச்சு. பழம் கிடைக்காத பிள்ளையைத் தேடி இன்னைக்கு லட்சக்கணக்கான ஜனம் காவடி தூக்கிட்டு வருது. பஞ்சாமிர்தம் அபிஷேகம் ஆகுது. கிடைக்காமப் போன பழத்தை நினைச்சு அழுறவங்க அந்த பஞ்சாமிர்தத்தை வாங்கி வாயில வைக்கும்போது இதையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

அப்போ எதுவும் கேட்கவே கூடாதா?

கேளுங்க. அவன் தகப்பன்சாமி. பிள்ளை கேட்காம வேற யார் கேட்பா? வேலை வேணும்னு கேளுங்க. அம்மா உடம்பு சரியாகணும்னு கேளுங்க. ஆனா கேட்டுட்டு வாசல்லயே நின்னு மணி பார்க்காதீங்க.

பரிபாடல்ல செவ்வேளைப் பாடின கடுவன் இளவெயினனார்ங்கிற புலவர் என்ன கேட்டார் தெரியுமா? பணம் காசு, சுகபோகம் இதெல்லாம் வேண்டாம். உன் அருள், அன்பு, அறம் இந்த மூணும் கொடுன்னு கேட்டார். இந்த மூணுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. மூணையுமே இந்த நிமிஷமே அனுபவிக்கலாம். அன்பா இருக்க ஆஃபர் லெட்டர் வேண்டாம். அறமா நடக்க விசா வேண்டாம். நீங்க கேட்கிற பட்டியல்ல இந்த மூணையும் முதல்ல வச்சுட்டு, கீழே உங்க வேலை, வரன் எல்லாத்தையும் எழுதுங்க. பட்டியலோட பாதி அன்னைக்கே நிறைவேறிடும்.

"அப்படியே திருப்தியா உட்கார்ந்துட்டா முன்னேறுறது எப்படி?"ன்னு ஒருத்தர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. படி உட்கார்றதுக்குக் கட்டினது இல்ல, ஏறுறதுக்குக் கட்டினது. நம்ம சாமி கையில வேல் வச்சிருக்கிறவர். சோம்பேறித்தனத்துக்கு அங்க இடம் கிடையாது. ரெஸ்யூமை திருத்துங்க, அடுத்த இன்டர்வியூவுக்குப் படிங்க, தெரியாததைக் கத்துக்கோங்க. படிக்கும்போது படிப்புல இருங்க. இந்தப் படியில கால் உறுதியா ஊன்றினவனாலதான் அடுத்த படிக்குக் கால் தூக்க முடியும். மேலயே பார்த்துக்கிட்டு ஏறினவங்க தடுக்கி விழுறதைத் திருத்தணியில நானே பார்த்திருக்கேன்.

மனசு ரொம்பக் கனத்துப் போனவங்களுக்கு

இதைத் தனியாச் சொல்லணும். "இந்த நிமிஷத்துல சந்தோஷமா இரு"ன்னு சொன்னா கோபம் வர்ற அளவுக்கு வலியில இருக்கிறவங்களும் இதைப் படிப்பீங்க. உங்களைச் சிரிக்கச் சொல்லி நான் இதை எழுதல.

அருணகிரிநாதர் வாழ்க்கையே வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து குதிச்சார்னும், முருகன் தாங்கிப் பிடிச்சான்னும் வரலாறு சொல்வாங்க. திருப்புகழ் முழுக்க அதுக்கு அப்புறம் வந்தது. அவர் "முடிஞ்சது"ன்னு நினைச்ச இடத்துல முருகனுக்கு முதல் பாட்டே தொடங்கல.

அந்த அளவுக்கு மனசு கனத்தா தனியா இருக்காதீங்க. அம்மாவோ, அண்ணனோ, நண்பனோ, டாக்டரோ, யார்கிட்டயாவது இன்னைக்கே வாய் திறந்து பேசுங்க. உதவி கேட்கிறது பக்தியில குறை ஆகாது. அருணகிரியைத் தாங்கின கை நம்மைத் தாங்க வரும்போது மனுஷங்க கையாத்தான் வரும்.

இந்த வாரம் செய்ய மூணு விஷயம்

ஒண்ணு. வர்ற செவ்வாய்க்கிழமையோ கிருத்திகையோ, பக்கத்துல இருக்கிற முருகன் கோயிலுக்கு சும்மா போங்க. எதுவும் கேட்க வேண்டாம். செல்ஃபி வேண்டாம். போனை அணைச்சு வச்சுட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்க. மணிச் சத்தம், விபூதி வாசனை, காலுக்குக் கீழே கல்லோட குளிர்ச்சி. அவ்வளவு போதும்.

ரெண்டு. வேல்மாறலோ சஷ்டி கவசமோ படிக்கிறவங்க, எத்தனாவது நாள்னு எண்ணுறதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க. இன்னைக்குப் படிக்கிறதுதான் முதல் நாள், இதுதான் கடைசி நாள்னு நினைச்சுப் படிங்க.

மூணு. ராத்திரி படுக்கும்போது, இன்னைக்கு நடந்த மூணு நல்லதை முருகன்கிட்ட சொல்லுங்க. சூடா கிடைச்ச காபி, சீட் கிடைச்ச பஸ், அப்பா போன்ல "சாப்பிட்டியா"ன்னு கேட்டது. சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. சொல்லச் சொல்ல, இன்னைக்கு காலியா இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

நாளைய படி நாளைக்கு அங்கேயே இருக்கும், யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க. இன்னைக்கு ஒரு படி. அதுல ஒரு 'முருகா'.

யாமிருக்கப் பயமேன்னு அவன் படத்துக்குக் கீழ எழுதி வீட்டுல மாட்டி வச்சிருக்கோம். அதை நம்பித் தூங்குங்க.

படிச்சதும் யாரோட முகமாவது ஞாபகம் வந்தா, அவங்களுக்கு இதை அனுப்பி வையுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
தணிகை வேலனுக்கு அரோகரா!